மூன்றாம் நம்பர் பிஸ்டன்: டர்போ மாட்டிய ஒரு ஸ்விஃப்ட் மலையில் ஏன் நின்றது

வண்டி 2009 மாடல் மாருதி ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல், பாலக்காடு ரெஜிஸ்ட்ரேஷன். கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஓட்டுவது. வேலை கோவையில், தினமும் எல்லை தாண்டிப் போய்வருகிறான். 2024 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு நெல்லியாம்பதிக்குக் கிளம்பினான். போத்துண்டி அணையைத் தாண்டி ஏறத் தொடங்கியபோது வண்டி நன்றாகத்தான் இழுத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஏறிய பிறகு திடீரென்று இழுவை விட்டது. ஐடிலில் நடுங்கியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. ரெக்கவரி வண்டியில் நென்மாறா வரை இறங்கி, மறுநாள் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

“டர்போ போட்டான், இன்ஜின் வெடிச்சிருச்சு” என்று அதற்குள் ஊரெல்லாம் பேச்சு. வெடிக்கவும் இல்லை, டர்போவுக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் விசிறி. போனது மூன்றாவது சிலிண்டர் ஒன்றுதான். நாலு சிலிண்டருக்கும் அதே ஆயில், அதே பெட்ரோல், அதே பூஸ்ட், அதாவது டர்போ கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம். மற்ற மூன்றும் தப்பித்துவிட்டன. ஏன் என்று தேடிப் போனதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இன்ஜின் பிரித்துக் கட்டுகிற ஆள். டர்போ மாட்டியது கோவையில் வேறொரு பட்டறை. அவர்களுடைய வெல்டிங்கும் பைப் வேலையும் சுத்தமாகவே இருந்தன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்ன இன்ஜின், என்ன மாட்டியிருந்தது

2005-ல் இந்தியாவில் ஸ்விஃப்ட் வந்தபோது அதில் இருந்தது ஜி13பிபி என்ற பழைய சுசுகி இன்ஜின். எஸ்டீமில் ஓடியதும் இதே குடும்பம்தான். 1298 சி.சி., 16 வால்வு, 87 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர். 2010-ல் இதை எடுத்துவிட்டு 1.2 லிட்டர் கே சீரிஸ் வைத்தார்கள். டர்போ பைத்தியங்கள் இன்னும் இந்தப் பழைய இன்ஜினைத் தேடி வாங்குவதற்குக் காரணம் அதன் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவு: 9.0-க்கு 1. புது இன்ஜின்களில் இது 10, 11 என்று போய்விட்டது. கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் வெளியிலிருந்து காற்றை அழுத்தி ஊட்ட இடம் இருக்கிறது என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் ஒரு வாயுவை அழுத்தினால் அது சூடாகும் என்பதும் கணக்கில் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பையன் முதலில் ஆசைப்பட்டது டர்போவுக்கு இல்லை, நைட்ரஸுக்கு, அதாவது கூடுதல் ஆக்சிஜனுக்காக இன்ஜினுக்குள் விடும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவுக்கு. “ஏனுங்ண்ணா, ஒரு சிலிண்டரை டிக்கியில வெச்சுட்டா வேலை முடிஞ்சதுங்களே?” என்று முந்தின வருடமே என்னிடம் கேட்டிருந்தான். “தம்பி, நம்மூர் வெயிலுக்கு அது ஆகாது” என்றேன், பயமுறுத்துகிறேன் என்று நினைத்துவிட்டான். விஷயம் இதுதான். காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம். பாட்டிலில் அது அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது, 30 டிகிரியில் 60 பாருக்கு மேல். திரவமாக வெளியே வரும் என்று நம்பித்தான் ஜெட் (அதை வெளியே விடும் குட்டித் துளை) அளவு, கூடவே போகவேண்டிய பெட்ரோல் அளவு எல்லாம் போடுகிறார்கள். ஆனால் 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸுக்குத் திரவம் என்ற நிலையே கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் சரி. குளிர் நாடுகளில் பாட்டிலுக்கு ஹீட்டர் சுற்றி அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். பாலக்காட்டில் ஏப்ரல் மாதம் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அது தானாகவே எல்லை தாண்டிவிடும். அப்புறம் ஜெட்டில் எவ்வளவு போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அனுமதியில்லாத சிலிண்டரை வண்டியில் வைத்துத் திரிந்தால் 2016-ன் கேஸ் சிலிண்டர் விதிகள் வேறு இருக்கின்றன. என் பேச்சைக் கேட்டு நைட்ரஸை விட்டான், டர்போவைப் பிடித்துக்கொண்டான்.

மாட்டியிருந்தது கேபி35 என்ற போர்க்வார்னர் டர்போ. ஸ்விஃப்ட் டீசலில், அதாவது 75 குதிரைத்திறன் மல்டிஜெட் இன்ஜினில் வருகிற அதே சின்ன டர்போ. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும், விலையும் குறைவு. லேத்தில் ஃபிளேஞ்ச் வெட்டி, எஸ்எஸ் பைப்பில் புகைக்கு மேனிஃபோல்டு (நாலு சிலிண்டரின் குழாயும் சேரும் இடம்) செய்து, ஆர்கான் வெல்டிங் அடித்திருந்தார்கள். முன் பம்பருக்குப் பின்னால், ஏசி கண்டன்சருக்கு முன்னால் ஒரு இன்டர்கூலர், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்க. வேறு வண்டியிலிருந்து எடுத்த, பெட்ரோல் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர் நாலு. கம்பெனி இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், அப்படியே இருக்க, அதற்கு வரும் சிக்னல்களை நடுவில் பிடித்து மாற்றிக் கொடுக்கிற ஒரு பிக்கிபேக் பெட்டி. டாஷ்போர்டில் பூஸ்ட் கேஜும், புகையை வைத்து ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் வைட்பேண்ட் கேஜும். பூஸ்ட் அரை பார். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம் செலவு.

டீசல் டர்போவைப் பெட்ரோலில் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். டீசல் புகை 800 டிகிரி சுற்றுவட்டாரத்தில் நிற்கும், பெட்ரோல் புகை முழு லோடில் 900-ஐத் தாண்டும். இந்தக் கேபி35-க்குத் தண்ணீர் வழி கிடையாது, ஆயில்தான் குளிர்விக்க வேண்டும். சூடாக ஓட்டி வந்து சாவியைத் திருகி நிறுத்தினால் பேரிங்கில் ஆயில் கரியாகும். டர்பைன் வேறு சின்னது. மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் இன்ஜின் விடுகிற புகை அதற்குள் போக இடமில்லாமல் மேனிஃபோல்டிலேயே தேங்கும். அந்தச் சூட்டுப் புகையில் கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கி, அடுத்த சுற்றுக் காற்றையும் சூடாக்கும். ரேஸ் ஓட்டுகிறவனுக்கு இது ஆகாது. ஆனால் 2,500-லிருந்து 4,500 வரை ஓட்டுகிறவனுக்கு இந்தச் சின்ன டர்போ உடனே சுழன்று நல்ல இழுவை கொடுக்கும், பையனுக்குப் பிடித்ததும் அதுதான்.

டைனோ ஷீட் (உருளை மேல் வண்டியை ஓட்டிச் சக்தி அளந்த தாள்) கொண்டுவந்து காட்டினான். சக்கரத்தில் 104 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் நஷ்டத்தைச் சேர்த்தால் இன்ஜினில் 120 அளவு. வைட்பேண்ட் கோடு பூஸ்டில் 12-ஐ ஒட்டி நேராக ஓடுகிறது. பார்க்க அழகான ஷீட். சாயங்கால நேரத்தில், பானட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய ஃபேன் ஓட, சில விநாடிகள் மட்டும் முடுக்கி எடுத்தது.

ஹெட்டை இறக்கியபோது

முதலில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் 175 பிஎஸ்ஐ பக்கம். மூன்றாவது 60-ஐத் தொடவில்லை. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தால் முள் ஏறியது. ஆக வால்வு இல்லை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம்.

பிளக்குகளை வரிசையாக அட்டைப் பெட்டி மேல் வைத்தேன். நாலும் ஒரே நாளில் மாட்டிய புது பிளக். மூன்று பிளக்கின் பீங்கான் இளம் பழுப்பு, சரியான நிறம். மூன்றாவது பீங்கான் வெள்ளை. லென்ஸில் பார்த்தால் அதன் மேல் மிளகுத் தூள் தூவியது போலப் புள்ளிகள், சில கறுப்பு, சில பளபள. பளபளப்பது அலுமினியம். பிஸ்டனிலிருந்து கிளம்பி வந்து ஒட்டியது. இந்தப் புள்ளிகளைப் பார்த்தவுடனே ஹெட்டைத் திறக்காமலே பாதி தீர்ப்பு எழுதிவிடலாம்.

ஹெட்டை இறக்கினால், மூன்றாம் பிஸ்டனின் தலையில் ஓட்டை இல்லை, உருகலும் பெரிதாக இல்லை. எக்ஸாஸ்ட் பக்கத்து ஓரம் மட்டும் மணல் அடித்தது போல் சொரசொரப்பு. பிஸ்டனை வெளியே எடுத்ததும் தெரிந்தது: முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய திட்டு ஒரு விரல் நீளத்துக்கு உடைந்து, துண்டு ரிங்கோடு சேர்ந்து சிலிண்டர் சுவரில் நீளமாகக் கீறியிருந்தது. கனெக்டிங் ராடின் பேரிங்கில் மேல் பாதி மட்டும் அடிபட்டு மங்கியிருந்தது, கீழ் பாதி புதிதுபோல்.

இந்தத் தடயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிளக்கோ கரியோ செஞ்சூடாகி, தீப்பொறி வருமுன்னே எரிய ஆரம்பித்தால் பிஸ்டனின் நடு மண்டையில் ஓட்டை விழும். பெட்ரோல் குறைந்து வெறும் சூட்டில் போனால் எக்ஸாஸ்ட் ஓரம் மெழுகு வடிந்ததுபோல் உருகியிருக்கும். திட்டு உடைவது, பேரிங்கின் மேல் பாதி அடிபடுவது, பிளக்கில் புள்ளிகள், மூன்றும் சேர்ந்தால் நாக்கிங். தீப்பொறி வந்து, தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் மிச்சமிருக்கும் கலவை பொறுக்காமல் ஒரே நொடியில் மொத்தமாகத் தீப்பிடித்துச் சுத்தியல் அடி அடிப்பது. வார்ப்பு பிஸ்டன் இந்த அடியை ரொம்ப நேரம் தாங்காது.

நாக்கிங் வெளியே கேட்கும், கணகணவென்று. ஆனால் கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு அலறும் வண்டியில் யார் காதில் விழும்? கூட வந்த ஒரு பையன் மட்டும், “மூணாவது வளைவுல ஏதோ சத்தம் கேட்டுதுங்ணா, கல்லு தெறிக்குதுன்னு நெனச்சேன்” என்றான்.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்தான் டர்போவோடு கடைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அதன் கம்ப்ரஷன் 10.25. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கில் வைத்து, பூஸ்ட் வரும்போது பீய்ச்சினார்கள். வாங்கியவர்கள் அந்த டேங்கை நிரப்ப மறந்தார்கள், வண்டி சீக்கிரமே சந்தையை விட்டுப் போனது. அன்றிலிருந்து இன்றுவரை டர்போவின் சண்டை காற்றோடு இல்லை, சூட்டோடுதான்.

நாலு கண்ணாடிக் குழாய்

நாக்கிங் என்றால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) தப்பு, இல்லை பெட்ரோல் தரம் தப்பு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் டைமிங்கும் பெட்ரோலும் நாலு சிலிண்டருக்கும் பொது. தப்பு அங்கே மட்டும் இருந்தால் நாலும் ஏறக்குறைய ஒன்றாகக் காயம் பட்டிருக்க வேண்டும். மூன்றாவதுக்கு மட்டும் சொந்தமானது என்ன? ஒரு பிளக், அதற்குக் கரன்ட் வரும் வழி, இரண்டு ஜோடி வால்வு, ஒரு இன்ஜெக்டர். முதல் மூன்றையும் பார்த்துத் தள்ளிவிட்டு, இன்ஜெக்டர்களைப் பாலக்காட்டில் கிளீனிங் மெஷின் வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன். கழுவாதீர்கள், முதலில் அப்படியே அளந்து காட்டுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். கழுவிவிட்டால் தடயம் போய்விடும்.

அந்த மெஷினில் நாலு கண்ணாடிக் குழாய் நிற்கும், மேலே இன்ஜெக்டர்கள், பின்னால் விளக்கு. முப்பது விநாடி திறந்து வைத்தார். ஒன்று, இரண்டு, நான்காவதில் பனிப்புகை போல் விசிறி விழுந்தது. மூன்றாவதில் ஒரு பக்கமாக நூல் மாதிரி ஒழுகியது. நின்றபோது மூன்று குழாயில் 117 மில்லியை ஒட்டி, மூன்றாவதில் 103. பன்னிரண்டு சதவீதம் குறைவு. இன்ஜெக்டர் தலையில் இருக்கும் குட்டி வடிகட்டியை நோண்டி எடுத்து வெள்ளைத் துணியில் தட்டினால் துரு. பழைய சாமானாக வாங்கியபோதே அதற்குள் இருந்திருக்க வேண்டும். டேங்கிலிருந்து வந்திருந்தால் நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். புது வடிகட்டி போட்டுக் கழுவி மறுபடி அளந்ததில் 115 வந்தது.

சரி, பன்னிரண்டு சதவீதம் இன்ஜினைக் கொல்லுமா? டர்போ இல்லாமல் ஓடினால் கொல்லாது, பையனுக்குத் தெரிந்தே இருக்காது. பூஸ்டில் கதை வேறு. பெட்ரோல் சரியாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். பூஸ்டில் இதை 12 அல்லது 11.5-க்கு இறக்கி, வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிறோம். கூடுதல் பெட்ரோல் ஆவியாகிச் சிலிண்டரைக் குளிர்விக்கும், நாக்கிங்கைத் தள்ளிவைக்கும். இப்போது இந்த வண்டியின் கணக்கு: மூன்று சிலிண்டர் 11.7-ல் ஓடுகிறது, மூன்றாவது பன்னிரண்டு சதவீதம் குறைவால் 13.3-ல் ஓடுகிறது. வைட்பேண்ட் சென்சார் இருப்பது நாலு புகையும் ஒன்று சேர்ந்த பிறகு. அது காட்டுவது நாலின் சராசரி, 12.06. கேஜில் 12. டைனோ ஷீட்டில் 12. மாட்டியவர் பார்த்தது 12, பையன் தினமும் பார்த்ததும் 12. நாலு பேர் சாப்பிட்ட பில்லை நாலாக வகுத்தால் யார் பட்டினி என்று தெரியாது.

இந்த ஒரு இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வைட்பேண்ட் கேஜ் இருந்தால் பத்திரம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கேஜ் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான். ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாகப் பார்க்க, பெரிய கருவி எதுவும் வேண்டாம்: பூஸ்டில் ஒரு இழுப்பு இழுத்து, ஓடும்போதே இன்ஜினை நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தால் போதும். பழைய ரேஸ் மெக்கானிக்குகள் அப்படித்தான் பார்த்தார்கள். இன்ஜெக்டர் அளக்க ஐந்நூறு, ஆயிரம் ரூபாய். லட்ச ரூபாய் வேலையில் இது விட்டுப்போயிருக்கிறது.

மலை என்ன செய்தது

அந்த இன்ஜெக்டரோடு ஏழெட்டு மாதம் வாளையார் வழியாகக் கோவைக்கு ஓடியிருக்கிறது. அப்போது ஏன் உடையவில்லை? நெடுஞ்சாலையில் பூஸ்ட் என்பது ஓவர்டேக் செய்யும் சில விநாடிகள்தான். முன்னால் 80 கிலோமீட்டர் வேகக் காற்று இன்டர்கூலரில் அடிக்கிறது. மலையில் இரண்டாவது கியர், முப்பது கிலோமீட்டர் வேகம், பாதி நேரத்துக்கு மேல் பூஸ்ட், இன்டர்கூலருக்குக் காற்றே இல்லை, பின்னால் ஒட்டி நிற்கும் ஏசி கண்டன்சர் வேறு அதைச் சுடுகிறது.

கணக்குப் போட்டால் இப்படி வரும். வெளியே 38 டிகிரி. அரை பார் அழுத்தும்போது, சின்ன டர்போவின் திறன் அறுபத்தைந்து சதவீதம் என்று வைத்தால், காற்று கிட்டத்தட்ட 97 டிகிரியில் வெளியே வருகிறது. இன்டர்கூலர் நல்ல காற்றோட்டத்தில் இந்த ஏற்றத்தில் எழுபது சதவீதத்தை எடுத்துவிடும், 56-க்கு இறங்கும். காற்றோட்டம் இல்லாமல் நாற்பது சதவீதம்தான் எடுத்தால் 73-க்கு மேல். வளைவுக்கு வளைவு இன்டர்கூலரே சூடேறிக்கொண்டு போகும்போது அதுவும் நிற்காது.

இதை இசியூ பார்த்து டைமிங்கைக் குறைத்திருக்கலாமே என்றால், பார்க்க வழியில்லை. காற்றின் சூட்டை அளக்கும் கம்பெனி சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்தில், டர்போவுக்கு முன்னாலேயே விட்டுவைக்கப்பட்டிருந்தது. அது வெளிக்காற்றைத் தொட்டுப் பார்த்து நாற்பது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே போவது எழுபதோ எண்பதோ. பிக்கிபேக்கில் டைமிங் குறைப்பு இருந்தது, ஆனால் பூஸ்டுக்குத்தான், சூட்டுக்கு இல்லை. சாயங்கால டைனோவில் போதுமான குறைப்பு நெல்லியாம்பதி ஏற்றத்தில் போதவில்லை. அந்த அளவில் மற்ற மூன்று சிலிண்டர்களும் விளிம்பில்தான் நின்றிருக்கும். 11.7 அவற்றைக் காப்பாற்றியது. 13.3-க்கு அந்தக் காப்பு இல்லை.

பெட்ரோலையும் கேட்டேன். சாதாரண 91 ஆக்டேன்தான் போட்டதாகச் சொன்னான். எத்தனால் இன்னொரு சின்னக் குழப்பம். பத்து சதவீத எத்தனால் பெட்ரோலுக்குச் சரியான கலவை 14.1 அளவு, இருபது சதவீதம் (இ20) என்றால் 13.5 பக்கம். பெரிய இன்ஜெக்டரைப் பத்து சதவீதப் பெட்ரோலுக்கு ஒத்து டியூன் செய்துவிட்டு இ20 போட்டால் எல்லாச் சிலிண்டரும் ஒரு நாலு சதவீதம் லீனாகும், அதாவது பெட்ரோல் பற்றாமல் போகும். எத்தனாலுக்கு நாக்கிங் தாங்கும் சக்தி கூடுதல் என்பதால் முழு நஷ்டம் இல்லை. இந்த உடைப்பில் அதற்குப் பங்கு உண்டா என்று நிரூபிக்கும் வழி எதுவும் டேங்கில் மிச்சமில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

டர்போவைப் பற்றிச் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள், டீசல் சாமான் என்று. கழற்றிப் பார்த்தேன். ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை, பிளேடு முனை கலையவில்லை, ஆயில் சம்ப்புக்கு இறங்கும் பைப் கரி இல்லாமல் இருந்தது. மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டுகிற குணம் அதற்கு உண்டுதான், ஆனால் பையன் உடைத்தது அதைவிடக் கீழே, மலை ஏறும் ஆர்பிஎம்மில். அந்தக் குற்றத்தில் இதை மாட்டிவிட முடியாது. பூஸ்ட் அளவு மீறாமல் புகையை விலக்கிவிடும் வேஸ்ட்கேட் வால்வு மட்டும் சில சமயம் அரை பாரைத் தாண்டி 0.6 வரை விட்டிருக்கிறது என்று பிக்கிபேக் பதிவில் தெரிந்தது. அது பட்டினி கிடந்தவனுக்கு இன்னும் ஒரு தள்ளு.

அப்புறம் என்ன ஆனது

பையனுடைய முதல் கேள்வி, “இன்ஜெக்டர் மாத்தி, சென்சாரை இந்தப் பக்கம் வெச்சுட்டா மறுபடி ஓட்டலாங்களாண்ணா?” தொழில்முறையில் பதில்: ஓட்டலாம். பூஸ்டை 0.3-க்கு இறக்கி, சூட்டு சென்சாரை இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் வைத்து, இன்டர்கூலருக்குத் தனி ஃபேன் போட்டு, நாலு இன்ஜெக்டரும் ஒரே அளவு என்று பார்த்தபின் ஓட்டினால் 105 குதிரைத்திறன் ரொம்ப நாள் நிற்கும். இந்த இன்ஜினுக்கு அது பெரிய பாரம் இல்லை.

சட்டம் வேறு பதில் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இதில் இருந்த இழுபறியைத் தீர்த்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2019 ஜனவரியில் வந்தது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். அதே வருடம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே உண்டு. கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் சும்மா விடாது என்பது எல்லை தாண்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ்காரன் ஒரு விபத்துக்குப் பிறகு பானட்டைத் திறந்தால் என்ன சொல்வான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டுமென்றால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2003-லிருந்து. அங்கே ஓட்டுவதற்கென்று ஒரு வண்டியை வைத்து, ரோட்டுக்கு வேறு வண்டி வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படுகிறது.

கடைசியில் முடிவெடுத்தது நானோ சட்டமோ இல்லை, ஆர்சி புத்தகம். 2009 வண்டிக்கு அந்த வருடமே பதினைந்து ஆண்டு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் ஆர்டிஓ ஆபீஸில் வண்டியை நிறுத்தி இன்ஸ்பெக்ஷன் காட்ட வேண்டும். டர்போவோடு நிறுத்த முடியாது. பையனின் அப்பா ஒருநாள் தோப்பிலிருந்து நேராக வந்தார். பெஞ்ச் மேல் கிடந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இந்தத் துண்டுக்கா இத்தனை செலவுங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பழையபடியே கட்டச் சொன்னார்.

சிலிண்டரில் கீறல் இருந்ததால் 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குச் சிலிண்டரைக் கடைந்து, நாலு பிஸ்டனும் ரிங்கும் புதிது. ஹெட் ஃபேசிங், வால்வு கிரைண்டிங், ராடு பேரிங் செட், ஆயில் பம்ப், கேஸ்கெட் கிட். கிளட்ச் பிளேட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. 113 நியூட்டன் மீட்டருக்கு வைத்த பிளேட் அத்தனை மாதம் அதற்கு மேல் தாங்கிக் கறுத்துப்போயிருந்தது. கம்பெனி இன்ஜெக்டர்களை அவன் பத்திரமாக வைத்திருந்தான், அளந்து பார்த்தே மாட்டினேன். கூலியோடு அறுபதாயிரத்தைத் தொட்டது. டர்போ, இன்டர்கூலர், பிக்கிபேக் மூன்றையும் விற்றதில் திரும்பி வந்தது போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேனிஃபோல்டை வாங்க ஆளில்லை, அது வண்டிக்கு வண்டி மாறும்.

வண்டி பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் ஆபீஸில் இன்ஸ்பெக்ஷன் முடித்து, ஐந்து வருடத்துக்கு ஆர்சி புதுப்பித்து, இப்போது மறுபடி தினமும் கோவைக்குப் போய்வருகிறது. 87 குதிரைத்திறன், மைலேஜும் திரும்பிவிட்டது. பையன் ஆசை அடங்கியதாகத் தெரியவில்லை. மாருதியே 2017-ல் டர்போ வைத்து விற்ற பலேனோ ஆர்எஸ், ஒரு லிட்டரில் 102 குதிரைத்திறன், பழையது ஒன்று திருச்சூரில் விலைக்கு இருக்கிறதென்று போட்டோ அனுப்பியிருக்கிறான். கம்பெனி டர்போ என்றால் கம்பெனியே சென்சாரைச் சரியான இடத்தில் வைத்திருக்கும், அதனால் எனக்கு அதில் மறுப்பில்லை. வாங்குவதற்கு முன் அந்த வண்டியின் மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க விடுவார்களா என்று மட்டும் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.